அருளென்று எண்ணிய அனல்

ஆடி பிறந்தால் முடிச்சூரில் காற்றுக்கும் ஒரு பக்தி வந்துவிடும். ஏரிப்பக்கத்திலிருந்து மெல்லப் புறப்பட்டு, புதுக் குடியிருப்புகளின் மாடிகளில் காயும் மஞ்சள் சேலைகளை அசைத்து, அம்மன் கோயில் வேம்பின் கீழ் வந்து அடங்கும். வானம் கருக்கும்; பொழியாது. மண் மட்டும் வாய் திறந்து காத்துக் கிடக்கும்.

அத்தகைய ஒரு வெள்ளியின் முற்பகலில் தமிழாசிரியை கனகவல்லி கோயில் வாசலில் கூழ் அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தொன்று. திடீரென்று மார்பில் மூண்ட வெம்மை கழுத்தேறி, முகமேறி, உச்சியில் கனன்றது. நெஞ்சு படபடத்தது, வியர்வை வழிந்தது. எட்டு மாதமாகக் கணவரிடமும் சொல்லாமல் மறைத்து வந்த வெம்மை அது. துடுப்பை விட்டுவிட்டு, கைக்கெட்டிய வேப்பங்கொத்தை எடுத்து விசிறிக்கொண்டாள்.

அதுதான் பிழையாயிற்று.

"ஏய், டீச்சர் மேல ஆத்தா வந்துகினு கீதுடி!" என்று ஒருத்தி கூவினாள். பம்பை முழங்கியது. மஞ்சள் நீர்க்குடம் ஒன்று தலையில் கவிழ்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் கனகவல்லி தன்னை மறந்து கண்மூட, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பூ விற்கும் பொன்னியம்மாள், அவளினும் மூத்தவள், காலில் விழுந்தாள். "தாயே, ஊரப்பாக்கத்து மாப்ள குடிக்கிறான்றாங்க. எம் பொண்ணு வேணான்னு அழுவுது. குடுக்கட்டுமா, வேணாமா? நீ சொன்னா தட்டமாட்டேன்."

'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும்; ஒரு பெண் தப்பிப்பாள். ஆனால் அது அம்மனிடமிருந்து திருடிய சொல்லாகும். மெய்யைச் சொன்னாலோ, இத்தனை பேர் நடுவே தன் உடம்பின் மறைவைத் திறக்க வேண்டும்.

கனகவல்லி குனிந்து அவளைத் தூக்கினாள். "எந்திரிங்கக்கா. எம்மேல ஆத்தா வரல. பீரியட்ஸ் நிக்கிற வயசு எனக்கு. உடம்பு இப்படித்தான் திடீர்னு கொதிக்கும்; கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

பம்பை நின்றது.

"அடப்பாவமே, ஒரு குடம் மஞ்சத்தண்ணி வேஸ்டா!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு வெடித்தது. முதலில் கூவியவள் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கும் மூணு வருசமா இதே பேஜார்தான் டீச்சர். இன்னா நோவோ, செத்துருவேனோன்னு பயந்துகினு இருந்தேன்."

"சாவெல்லாம் இல்ல. உடம்புல சுரக்கிறது ஒண்ணு குறையுதாம், அதான் சின்னச் சூட்டுக்கே பதறுது. தாம்பரத்து டாக்டரம்மா சொன்னாங்க. பருத்திச் சேல கட்டணும், குளுந்த தண்ணி பக்கத்துல வெச்சுக்கணும். காப்பியும் காரமும் சூட்டைக் கிளப்பிவிட்டா குறைச்சுக்கணும். அடுப்புகிட்ட நிக்கக்கூடாதுன்னாங்க, நான்தான் கேக்கல. ரொம்பப் படுத்தினா மருந்து இருக்கு. நீங்களும் ஒருதரம் காமிச்சிடுங்க."

பிறகு பொன்னியம்மாளிடம் திரும்பினாள். "அக்கா, இது ஆத்தா வாக்கில்ல, என் வாக்கு. வாழப்போறது உங்க பொண்ணு. அவ பேச்சைக் கேளுங்க."

பொன்னியம்மாள் அவள் முகத்தில் வழிந்த மஞ்சள் நீரை முந்தானையால் துடைத்தாள். "ஆத்தான்னு ஒரு பேச்சு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நீ மானத்த வுட்டு நெசத்த சொன்ன பாரு, அத்த இன்னும் நம்புறேன். அந்த எடம் வேணாம்."

கூழ் வார்த்து முடிந்து கூட்டம் கலைந்தது. ஈரச் சேலையோடு கனகவல்லி சன்னிதி முன் நின்றாள். உலகத்து வெம்மையையெல்லாம் தன்மேல் ஏற்று நிற்பவளுக்கு, கையிலிருந்த அதே வேப்பங்கொத்தால் மெல்ல விசிறினாள். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

பின்னால் வந்த பொன்னியம்மாள் ஒரு முழம் மல்லிகையை அவள் கூந்தலில் வைத்து, உச்சியில் கை பதித்தாள்.

"ஒடம்பும் மனசும் குளுந்து, நூறு வருசம் நல்லா இரு, தாயி."