இருந்த இடத்தில் வைக்கவும்

"ரெண்டு விரல் பிடிச்சா போதுமா, மூணு பிடிக்கணுமா?" என்று அவள் கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டியவர் முன்னறையில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பார் என்பதால் அவளுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கையிலிருந்த சட்டையில் மூன்று விரலே பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்ததில் ஆள் பாதியாகியிருந்தார். காலையில் அந்த நீலச் சட்டையைப் போட்டுவிட்டபோது, கொடியில் காயப்போட்டது மாதிரி இருந்தது.

"போற மனுஷனுக்கு சட்டை தொளதொளன்னு இருந்தா யாரும்மா பார்க்கப் போறாங்க?" என்றார் அவளுடைய அண்ணன்.

"நான் பார்ப்பேன்" என்று சொல்லி, சட்டையைக் கழற்றிக்கொண்டு பின்னறையில் இருந்த தையல் மெஷினுக்கு வந்துவிட்டாள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு அளவெடுத்துத் தைத்த கை. கட்டிய புருஷனை அளவு தெரியாமல் அனுப்பிவைத்தாள் என்று பேர் வாங்க அவளுக்கு விருப்பமில்லை.

வண்டி நாலு மணிக்கு. அண்ணன் முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எது கிளம்புவதாக இருந்தாலும் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும் அவருக்கு. காலையிலிருந்து வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு என்பது அடுத்தவர் வீட்டுச் சாமான் மாதிரி, அவர் தொடமாட்டார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டபோதே "ம்" என்றவர், அதற்குமேல் ஒன்றும் சேர்க்க வேண்டியிருப்பதாக நினைக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவள் அந்த "ம்"மை ஏழு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். முதல் வகை, சரி. இரண்டாவது, வேண்டாம். மூன்றாவது, பசிக்கிறது. நான்காவது, நீ சொன்னது காதில் விழவில்லை. ஐந்தாவது, விழுந்தது, ஆனால் விழாத மாதிரி வைத்துக்கொள்வோம். ஆறாவது, உன் அண்ணன் எப்போது கிளம்புவார். ஏழாவது வகை வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அது என்ன என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு லேப்டாப் வாங்கித் தையல் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். தினமும் மூன்று மணிக்கு வந்து உட்காருவார். பிரவுசரின் மேல் ஓரத்தில் ஒலிபெருக்கி படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் திரையில் இருப்பதை ஓர் ஆண் குரல் வாசிக்கும். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர் சளி பிடித்துப் படுத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். கமா வந்தால் மூச்சு வாங்கும், முற்றுப்புள்ளியை மறந்துவிடும். அந்தக் குரல் செய்தி வாசித்தது. அவர்களுக்கு யாருமே இல்லாத ஊர்களின் மழை நிலவரம் வாசித்தது. ஆட்டுக்கு இருமல் வந்தால் என்ன கொடுக்கலாம் என்று அரை மணி நேரம் வாசித்தது. ஆடு இல்லை என்பதால் அவள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கப்பல்காரர் வந்தார்.

அந்த பிரவுசரைப் பற்றி ஜனங்கள் குறை சொல்வதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அங்கே கூப்பாடு கிளம்பும். நட்சத்திரப் பொத்தான் இடது பக்கம் இருந்ததை ஏன் வலது பக்கம் வைத்தீர்கள், மூலைகளை ஏன் வளைத்தீர்கள், இந்தச் சாம்பல் நிறத்துக்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று ஆளுக்கொரு ஒப்பாரி. அவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் தன்னைக் கப்பல் சமையல்காரர் என்று சொல்லிக்கொண்டு, ஒரு கதை சொல்லி, கடைசியில் குறையைச் சொல்வார். மனுஷன் வாயைத் திறந்தால் பொய்தான். அவள் சிரித்துச் சிரித்து நூல் அறுந்துபோகும். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஆளோட பொண்டாட்டி குடுத்து வச்சவ" என்றாள். பக்கத்தில் இருந்தவர் "ம்" என்றார். ஐந்தாவது வகை என்று எடுத்துக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஓர் அப்டேட் வந்தது. மூன்று மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தார், பொத்தானைத் தேடினார், இல்லை. மேலே தேடினார், கீழே தேடினார், வியர்த்தார். நெடுநேரம் கழித்து லேப்டாப்பை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார். அவள் பெடலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"தண்ணி இருக்கா?" என்றார்.

அடுத்த நாளும் அதே கதைதான். நாலாவது நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "பேசறதுக்கு ஒரு கப்பல்காரராவது இருந்தாரு. இப்ப அவரும் போயிட்டாரு. நீங்க அவர மாதிரி ரெண்டு வார்த்தை பேசினா வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள். அதற்கு "ம்" கூட வரவில்லை. அதற்குப் பிறகு அவர் தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அங்கே என்னத்தையோ தட்டிக்கொண்டிருப்பார். எட்டு மாதம், பின்னறையில் மெஷின் சத்தம் மட்டும்தான்.

அந்த மெஷினில் இப்போது வலது பக்கத் தையலை முடித்துச் சட்டையை அவள் திருப்பும்போது அண்ணன் வந்து நின்றார்.

"ஏம்மா, மூணு பேர் வந்திருக்காங்க. வீடு மாறி வந்தவங்க. கப்பல்காரர் வீடு இதுவான்னு கேட்கிறாங்க. எங்க மாப்பிள்ளைக்குக் குளத்தைப் பார்த்தாலே தலை சுத்தும்னு சொல்லி ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டேன். மறுபடியும் வந்து நிக்கிறாங்க."

பெடலில் இருந்த அவள் கால் நின்றது.

"யார் வீடுன்னு கேட்டாங்க?"

"கப்பல்காரராம். காலையில மாப்பிள்ளை ஃபோனுக்குக் கூப்பிட்டவங்களாம். நாலு மணிக்கு எடுக்கிறோம்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன்."

முன்னறையில், வாசல் நிலையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஆள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். லாரி டிரைவராம். பக்கத்தில் தோளில் பையோடு நரைமுடிப் பெண்மணி, பல் டாக்டர். அவர்களுக்குப் பின்னால், யாராவது அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர் மாதிரி ஒரு மெலிந்த ஆள்.

"ரெண்டு திங்கட்கிழமையா அவரோடது எதுவும் வரல. மனசு கேட்கல" என்றார் டாக்டர். "ஒருதரம் பிரவுசரோட பழைய வெர்ஷன் வேணும்னு கேட்டிருந்தாரு, பென் டிரைவ்ல போட்டு அனுப்பினேன். அவர் கம்ப்யூட்டர் அதை ஏத்துக்கலையாம். கூரியர் ரசீதுல இந்த நம்பர் இருந்துச்சு."

"கப்பல்ல எத்தனை வருஷம்மா இருந்தாரு?" என்று டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"அவரு லிஃப்ட் மெக்கானிக்குங்க. கப்பலைக் காலண்டர்லதான் பார்த்திருக்காரு."

டிரைவர் படுத்திருந்தவரைப் பார்த்தார். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், எங்களையெல்லாம் நல்லா ஏமாத்திட்டியே! அப்ப அந்த உப்பு டப்பா? புது கேப்டன் வந்து, அழகா இருக்கணும்னு சமையல்கட்டை மாத்தி, உப்பு இருந்த இடத்துல சோப்புத் தூளை வச்சு… இவரு பார்க்காம கைப்பழக்கத்துல அள்ளிப் போட்டு, ராத்திரி இருநூறு பேர் ஏப்பம் விட, கப்பலே நுரையில மிதந்து…"

"மறுநாள் காலையில திமிங்கிலம் ஒண்ணு பக்கத்துல வந்து, தேய்ச்சு விடச்சொல்லி முதுகைக் காட்டிச்சு" என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"உங்ககிட்டயும் சொல்லியிருக்காரா?"

"இல்ல. அது வாசிச்சுது."

அவள் அருகே போய், போர்த்தியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பொண்டாட்டி குடுத்து வச்சவ என்று சொன்ன அன்று வந்த "ம்" ஐந்தாவது வகை இல்லை. முப்பத்தோரு வருஷம் பிரித்துப் பிரித்து வைத்தும் அதைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டாள்.

"நீங்க யாரு?" என்று மெலிந்தவரைக் கேட்டாள்.

டிரைவர் முந்திக்கொண்டார். "இவர்தாம்மா எதிரி. கம்பெனி ஆளு. நாங்க திட்டுறதுக்கெல்லாம் 'தங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு பதில் போடறவரு. அந்தப் பக்கத்துல செய்தி போட்டதும் நானும் வரேன்னுட்டாரு. நாலு மணி நேரம் ஒரே வண்டி. நாங்க திட்டிக்கிட்டே வந்தோம், அவரு நன்றி சொல்லிக்கிட்டே வந்தாரு."

"அந்த ஒரு பொத்தானுக்காக முப்பத்தோரு கதை எழுதினாரும்மா" என்றார் மெலிந்தவர். "எட்டு மாசம். வேற எதையும் கேட்கல."

"அப்ப ஏன் திருப்பி வைக்கல?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "வைக்கறதா நாலு மாசம் முன்னாடியே முடிவாயிடுச்சு. அதுக்கு ஒரு நாள் வேலைதான். ஆனா… வச்சுட்டா அவர் எழுதறத நிறுத்திடுவாரோன்னு. திங்கட்கிழமை அவரோடத படிச்சாத்தான் எங்க ஆபீசுக்கே வாரம் தொடங்கும். அடுத்த மாசம் வைக்கலாம், அடுத்த மாசம் வைக்கலாம்னு…"

"அடப் பாவி" என்றார் டிரைவர், மெதுவாக.

அவள் படுத்திருந்தவர் பக்கம் திரும்பினாள். "எட்டு மாசமா நான் இவரத்தான் திட்டிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு மெலிந்தவருக்கு நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்க. நின்னுட்டே இருக்கீங்களே."

சட்டை பாக்கி இருந்தது. அவள் பின்னறைக்குத் திரும்பினாள். டாக்டர் பின்னாலேயே வந்து, மெஷினையும் அதன் மேல் கிடந்த நீலச் சட்டையையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்கதானா அந்தக் கப்பல் பாய் தைக்கிறவங்க?"

"பாயா? நான் ஜாக்கெட் தைக்கிறவ."

"இந்த எட்டு மாசக் கதையில வர்றாங்க. கரையில ஒருத்தங்க." டாக்டர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். "பழைய வெர்ஷன்தான். நான் எதையும் அப்டேட் பண்றதில்ல. என் கிளினிக்ல காலண்டரே ரெண்டு வருஷம் பழசு. கேட்கறீங்களா?"

அவள் ஊசிக்குக் கீழே துணியை வைத்தாள். டாக்டர் லேப்டாப்பை, வேறெங்கும் இடமில்லாததால், அலமாரியில் அந்த இடத்திலேயே வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

சளி பிடித்த குரல் வந்தது.

"ஐயா, எங்கள் கப்பலுக்கு வந்த புது கேப்டன், ஹாரனைக் கழற்றிவிட்டு அங்கே ஓர் அழகான விளக்கை மாட்டினார், ஹாரனை யாரும் பயன்படுத்துவதில்லை என்றார், உண்மைதான், நான் ஒருவன்தான் பயன்படுத்தினேன், தினமும் மூன்று மணிக்கு அந்தக் கரையைக் கடக்கும்போது ஊதுவேன், கரையில் ஒருத்தி உட்கார்ந்து பாய் தைத்துக்கொண்டிருப்பாள், சத்தம் கேட்டதும் கால் நிற்கும், சிரிப்பாள், ஒருதரம் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்து பாதி தைத்த பாய் பறந்துபோய்விட்டது, இரண்டு தேசத்தார் அதை மேகம் என்று நினைத்து இன்றுவரை எங்களுடையது எங்களுடையது என்று சண்டை போடுகிறார்கள்…"

அவள் இடது பக்கத் தையலை நேராக ஓட்டினாள்.

"இப்போது கப்பல் சத்தமில்லாமல் அந்தக் கரையைக் கடக்கிறது, அவள் நிமிர்வதில்லை, கப்பல் வருவதையே நிறுத்திவிட்டது என்று நினைக்கிறாள், கோபமாகவும் இருக்கிறாள், சரி, வாயாலேயே கூப்பிடுவோம் என்று ஒருநாள் மேல்தளத்தில் ஏறி நின்று வாயைத் திறந்தேன், தண்ணீர் இருக்கிறதா என்று வந்தது, சுற்றிலும் கடல், ஆகையால், ஹாரனை இருந்த இடத்தில் வைக்கவும்."

குரல் நின்றது. தையலும் முடிந்திருந்தது. அவள் நூலைக் கத்தரித்து, சட்டையை உதறி, மடியில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"முப்பது" என்றார் டாக்டர்.

வாசலில் வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வண்டி வந்தாச்சும்மா. நாலுன்னா நாலு. சட்டை ஆச்சா?"

"ம்" என்றாள் அவள்.

அது எந்த வகை என்று அண்ணனுக்குப் பிடிபடவில்லை. முன்னறைக்குப் போய்விட்டார்.

அவள் டாக்டரைப் பார்த்து, அடுத்தது என்பதுபோல் லேப்டாப் பக்கம் தலையசைத்தாள். பிறகு மெஷின் டிராயரிலிருந்து பாதி பிளேடு ஒன்றை எடுத்து, சட்டையின் இடது பக்கத்தைத் திருப்பிப் போட்டு, இப்போதுதான் போட்ட தையலை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.