கரண்டியோடு ஓடிய வகுப்பு

சுற்றறிக்கை வந்த அன்று விளையாட்டு மாஸ்டர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்று, கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிக் கோப்புகளின் மேல் வைத்தார். பதினோரு வருஷத்தில் அந்த விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

"அக்கா, இதையும் ஸ்டாக்குல ஏத்திக்குங்க. எப்படியும் கேட்கப் போறாங்க."

நான் இந்தப் பள்ளியின் எழுத்தர். எந்தக் காகிதமும் என் கையைத் தாண்டித்தான் போகும் என்பதால் சங்கதி எனக்கு முன்பே தெரியும். அந்த வருஷம் பாதி அறைகளில் பழுதுபார்க்கும் வேலை. அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப் பேர் பள்ளிக்கு வருவார்கள், மீதிப் பேர் வீட்டிலிருந்தே திரையில் படிப்பார்கள், மறுநாள் மாறிக்கொள்வார்கள். ஆறாம் வகுப்பில் மொத்தமே பன்னிரண்டு பேர். இங்கே ஆறு, அங்கே ஆறு. வீட்டிலிருக்கும் பிள்ளை நாற்பது நிமிஷப் பாடத்தில் முப்பது நிமிஷமாவது திரைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றது சுற்றறிக்கை. அப்படி இல்லாத பாடத்துக்கு ஆசிரியரே வேண்டாம், வீடியோ போதும். வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து எண்ணிப் பார்ப்பார்.

கணக்கு டீச்சருக்கு இதில் கவலையில்லை. பிள்ளைகள் உட்கார்ந்தால் போதும். விளையாட்டு மாஸ்டர் என்ன செய்வார்? "ஓடு" என்றால் பிள்ளை திரையை விட்டே ஓடிவிடும். ஓடாவிட்டால் அது விளையாட்டு வகுப்பே இல்லை.

அவரும் பார்க்காத வழியில்லை. ஒரு வாரம் நின்ற இடத்திலேயே குதிக்கச் சொன்னார். இரண்டாவது நிமிஷம் ஒரு கட்டத்தில் பிள்ளைக்குப் பதிலாகக் கீழ்வீட்டுக்காரர் தோன்றினார். தலையெல்லாம் சுண்ணாம்பு. "குதிக்கச் சொன்ன புண்ணியவான் யாருங்க?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அடுத்த வாரம் ஓட்டத்தின் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஆறு பேரில் ஐந்து பேர் தூங்கிவிட்டார்கள். ஆறாவது ஆளும் தூங்கியிருப்பான். அவன் தங்கை மூக்கில் பென்சிலை விட்டுப் பார்த்ததால் பிழைத்தான்.

"ஏன் அக்கா," என்றார் மாஸ்டர் திடீரென்று, "ஓடுறவன் ஒரு திரையிலேர்ந்து ஓடி இன்னொரு திரைக்குள்ள வந்துட்டா?"

நான் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். ஆறு முகவரிகளையும் தெரு வரிசைப்படி எழுதினேன். பேக்கரி முனையில் தொடங்கிப் பள்ளிக்கூட வாசல் வரை, ஊசியில் கோத்த மாதிரி ஆறு வீடுகள். மாஸ்டர் விசிலை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

இதுதான் ஏற்பாடு. முதல் வீட்டுப் பிள்ளை கையில் குச்சியோடு ஓடி, இரண்டாம் வீட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்று அதைக் கொடுக்க வேண்டும். பிறகு அங்கேயே உட்கார்ந்து மீதி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். வாங்கியவர் மூன்றாம் வீட்டுக்கு ஓட வேண்டும். இப்படியே போய், கடைசி ஆள் பள்ளிக்கே வந்து மாஸ்டர் கையில் குச்சியைக் கொடுக்க வேண்டும். எல்லாப் பெற்றோருக்கும் நானே போன் செய்து சம்மதம் வாங்கினேன். முதல் பையனிடம் குச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நல்ல கனமான ஆள், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் செருப்பு. அட்டையில் செருகிய படிவத்தோடு வகுப்பு வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெயர் சொல்ல நான் பக்கத்தில் நின்றேன். சுவரில் இருந்த பெரிய திரையில் ஆறு கட்டங்கள். அடியில் "அம்மா புது போன்", "மாமா கடை" என்று அவரவர் வீட்டுப் பெயர்கள்.

மாஸ்டர் விசில் ஊதினார். முதல் கட்டத்தில் இருந்தவனை எல்லோரும் குண்டூசி என்பார்கள், அவ்வளவு ஒல்லி. அவன் குச்சியில்லாமல் திருதிருவென்று விழித்தான். சட்டென்று உள்ளே ஓடினான். வரும்போது கையில் நீளக் கரண்டி, நுனியில் சொட்டிக்கொண்டு. அப்படியே வாசலில் பாய்ந்தான்.

"இந்தப் பையன் எங்கே?" என்றார் அதிகாரி.

"ஓடிட்டான் சார்."

அவர் பூஜ்யம் போட்டார். இரண்டு நிமிஷத்தில் குண்டூசி இரண்டாம் கட்டத்துக்குள் வந்து விழுந்தான்.

"சார், இதோ வந்துட்டான்."

"இது தையல்காரர் மகளோட இடம்னு இப்பத்தானே சொன்னீங்க? அவ எங்கே?"

"அவளும் ஓடிட்டா சார்."

இன்னொரு பூஜ்யம். அதற்குள் முதல் கட்டத்தில் ஓர் அம்மா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து, "டேய், கரண்டி எங்கடா?" என்றார்.

"இவங்க எந்த வகுப்பு?" என்று கேட்டார் அதிகாரி.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆறு கட்டத்திலும் ஆள் இருந்தால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். யாரும் அவரவர் கட்டத்தில் இருக்க மாட்டார்கள் என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. மூன்றாவது பூஜ்யமும் விழுந்தது. மாஸ்டரின் கை விசில் கயிற்றைக் கழற்றப் போவது போலக் கழுத்துக்குப் போனது.

நான்காவது ஓட்டம், ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுகிறவளுடையது. வழியில் யாரைக் கண்டாலும் நின்று பேசும் பெண். மூன்று நிமிஷம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. ஐந்தாம் வீட்டு வாசல் வெறிச்சென்று கிடந்தது. வகுப்பில் இருந்த ஆறு பேரும் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள்.

அதிகாரியின் பேனா நின்றது. "வந்துடுவாளா?" என்றார் என்னிடம், மெதுவாக.

"கரண்டி வந்த கதையை யாருக்காவது சொல்லிட்டு இருப்பா சார்."

"அதைச் சொல்ல இதுவா நேரம்!"

ரேடியோ வந்தாள். வகுப்பு கத்தியது. ஐந்தாவது ஆள் பறந்தான். கடைசி ஓட்டக்காரன் வேர்வையில் மூக்குக் கண்ணாடி மங்கிப்போய், பள்ளி வாசலில் நுழைந்து வகுப்பை நோக்கிக் குருட்டு வேகத்தில் வந்தான். மோதிவிடுவானோ என்று அதிகாரி எழுந்து கையை நீட்டித் தடுத்தார். நீட்டிய கையில் கரண்டி வந்து உட்கார்ந்தது.

"யாருங்க அது, என் கரண்டியோட?" என்றார் முதல் கட்டத்து அம்மா. "அடுப்புல அடிபிடிக்குது, கிண்ட வேற கரண்டி இல்ல. சீக்கிரம் கொண்டாங்க!"

வகுப்பில் ஒரே கூச்சல். அதை அடக்கத்தான் மாஸ்டர் விசில் ஊதினார். அதிகாரியின் கால்கள் அதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டன. படிவம் என் கையில் வந்து விழுந்தது, அவர் கரண்டியோடு அது வந்த வழியே வாசலைத் தாண்டிவிட்டார்.

ஆறாம் கட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அங்கே உட்கார்ந்திருந்த பையன், "சார், கொடுங்க, நான் கொண்டு போறேன்" என்றான்.

"கூடாது! நீ திரையை விட்டு நகரக் கூடாது!"

மாஸ்டருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. திரையருகே போய், "சார், தோளை இறக்குங்க! மூக்கால மூச்சு விடுங்க! கரண்டியை ஈட்டி மாதிரி பிடிக்காதீங்க!" என்று கத்தினார். ஐந்தாம் கட்டத்தில் தோள் இறங்கியிருந்தது. நான்காம் கட்டத்தில், "முட்டியைத் தூக்குங்க சார்!" மூன்றாம் கட்டத்துக்குள் முட்டி தூக்கியபடியே நுழைந்தார். செருப்பு இரண்டாம் கட்டத்தோடு நின்றுவிட்டது. முதல் கட்டத்துக்குள் வந்தவர் ஓடத் தெரிந்த மனிதர்.

அந்த அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். அதிகாரி திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்து, "எழுத்தரம்மா, படிவம் இருக்கா? பூஜ்யத்தையெல்லாம் அடிங்க" என்றார்.

அடித்தேன்.

"ஒவ்வொரு வீடா பார்த்துட்டேன். ஓடின நேரத்தைக் கழிச்சு ஆளுக்கு முப்பத்தெட்டு நிமிஷம் போடுங்க. அந்தப் பேசற பொண்ணுக்கு முப்பத்து நாலு. இடம்னு இருக்கில்ல, அதுல பக்கத்து வீடுன்னு எழுதுங்க. கருத்து: ஆசிரியர் அவசியம் தேவை. ஓட்டத்துக்கு முன்னாடி அடுப்பை அணைக்கவும்."

எழுதி முடித்துத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "கையெழுத்து வேணுமே சார்."

அதிகாரி எழுந்து கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார்.

"மாஸ்டர்," என்றார், "விசிலை ஊதுங்க."