நிறம் தப்பாத திரை

பிரெம்போமா கருப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி உடுத்தி வந்திருந்தாள். கல்யாணங்களைப் படமெடுப்பவள். தங்கை டூஃபியே ஈரல் கெட்டுப் போய்ச் செப்டம்பரில் இறந்துவிட்டாள். எங்கள் ஊரில் சடங்கு நடக்க மாதங்கள்கூட ஆகும்; வரும் சனிக்கிழமைதான் இறுதிச் சடங்கு. அதற்கான ஆளுயரப் படத்தைத் தன் கையால்தான் செய்வேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். பழைய லேப்டாப்போ பாதி வேலையில் உறைந்துபோகிறது. அதனால்தான் புதுக் கணினி ஒன்று பொருத்தி வாங்க, கானாவின் குமாசியில், அடூம் கடைத்தெருவில் இருக்கும் என் கடைக்கு வந்தாள்.

"பாஸ், இருக்கறதுலயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டா போடுங்க."

"எதுக்கு மேடம், கார் ரேஸ் கேம் ஆடவா?"

"பெரிய கார்டா போடுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

"சொன்னவன் கார்டு விக்கிறவனா இருப்பான்."

"நீங்க மட்டும் என்ன, சும்மாவா தர்றீங்க?"

தையற்காரரின் வெட்டு மேசையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கணினியின் நினைவகம், அதாவது ரேம்தான் அந்த மேசை. ஆளுயரப் படத்தை விரித்து, அதன்மேல் பின்னணி, பூ, எழுத்து என்று அடுக்கிக்கொண்டே போனால், சின்ன மேசையில் துணி தரைக்குச் சரியும். கணினி ஒவ்வொரு தடவையும் குனிந்து அதை எடுக்கிறது. அதைத்தான் உறைந்துவிட்டது என்கிறோம். ஆகவே மேசையைப் பெரிதாக்கி, கோப்புகளைச் சேமிக்க வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டால், நடுத்தரக் கார்டே போதும்.

"மிச்சக் காசைத் திரையில போடுங்க. கண்ணுக்குத் தெரியறது தப்பா இருந்தா, கை செய்யறதும் தப்பாத்தான் வரும்."

நிறம் அளந்து சரிசெய்த திரை ஒன்றில் டூஃபியேயின் படத்தையே திறந்தேன். ஈஸ்டர் அன்று எடுத்தது, திருத்தாத மூலப்படம். பக்கத்தில் அவளுடைய லேப்டாப்பிலும் அதுவே. அங்கே உடை, பல், சுவர் எல்லாமே மஞ்சள். என் திரையில் உடை வெள்ளை. பல் வெள்ளை. சுவரும் வெள்ளை.

கண்கள் மட்டும் மஞ்சள்.

"இந்தத் திரையும் சரியில்ல பாஸ்."

இன்னொரு திரையில் காட்டினேன். அப்படியேதான் இருந்தது.

"திரையில கோளாறுன்னா உடையும் சேர்ந்து மஞ்சளாகும் மேடம். ஒரு இடத்துல மட்டும்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன்.

பிரெம்போமா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்கப்புறம் எத்தனை படம் எடுத்தேன் அவளை. எல்லாத்துலயும் கண்ணை வெள்ளையாக்கிட்டேன். லேப்டாப்போட மஞ்சள்னு நினைச்சேன். நேர்ல பார்த்தப்பகூட ஒரு மாதிரி இருந்துச்சு. 'தூக்கமில்லக்கா'ன்னா. நம்பிட்டேன்."

படத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எந்தத் திரையில இது தெரியாது?"

"வாசல்கிட்ட இருக்கற மலிவானதுல தெரியாது."

அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை. நல்ல திரையையே எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் இயந்திரத்தைப் பொருத்தி முடித்ததும் அங்கேயே படத்தைத் திறந்தாள்.

"சனிக்கிழமை முழுக்க அம்மா இதுக்கு எதிர்லதான் உக்காந்திருப்பாங்க பாஸ்."

தூரிகைக் குறியைக் கண்ணருகே கொண்டுபோனாள். முதலில் இடது கண் வெள்ளையானது, பிறகு வலது. புதிய இயந்திரத்தில் அது ஒரு நொடிகூட எடுக்கவில்லை.