கைப்பையில் ஒரு கேபிள்

சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகத் தன் மேஜைக்குப் போய், ஆம்ப்ளிஃபயரின் அலுமினியப் பட்டைகள்மேல் புறங்கையை வைத்தாள். சுரீர் என்றது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சாப்டாச்சா அண்ணி?" என்று மூலையிலிருந்து கேட்டாள் சின்னு. செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் இயந்திரத்தைவிட்டு அவள் தலை திரும்பவில்லை.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அவ்வளவுதான் பேச்சு. சுட்ட கையைப் புடவைத் தலைப்பில் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு, அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்றும் இதே சூடு. முந்தாநாளும் இதே சூடு. தான் வீட்டுக்குப் போன நேரத்தில் இந்த மேஜையில் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். அறையில் இருந்ததோ ஒரே ஒருத்தி.

தையல் கடைக்கு மேலே இருக்கும் அந்த அறை இருவருக்கும் பொதுவானது. மின்சுற்று, அளவு, கணக்கு எல்லாம் அண்ணி. காயில் சுற்றுவது அவள் கணவனின் தங்கை சின்னு. இப்போது கையில் இருப்பது ஒரு நடுக்க மேஜை. புதிதாகப் பற்றவைத்த சர்க்யூட் போர்டுகளை அதன்மேல் முடுக்கிவிட்டு உதறினால், பலவீனமான இடம் தானாகக் கழன்றுவிடும். மேஜைக்கு அடியில் சின்னு சுற்றிய காயில். அந்தக் காயிலை ஆட்டிவைப்பது இந்த ஆம்ப்ளிஃபயர் மாட்யூல்.

பார்த்தால் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து எறும்பு ஊர்வதுபோல் வரும் மெல்லிய அலையை ஒரு கேபிள் வழியாக வாங்கி, வடிவம் கெடாமல், பத்து ஆம்பியர் பலத்தோடு மறுபக்கம் தள்ளும். காயிலை ஆட்டு என்றால் ஆட்டும். மோட்டாரைச் சுற்று என்றால் சுற்றும். எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காத இப்படி ஒன்று வந்த பிறகுதான் அந்த மேஜைக்கே களை வந்தது. சும்மா இருக்கும்போது தொட்டால் இளஞ்சூடு. வேலை செய்தால்தான் கை பொறுக்காத சூடு. அந்த வித்தியாசம் அண்ணியின் புறங்கைக்கு அத்துப்படி.

சந்தேகத்தின் விதை விழுந்தது கண்ணாடிக்காரர் வந்த அன்று. பெரிய கம்பெனி ஒன்றின் அதிகாரி அவர். தங்கநிறக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா சுத்துனது? மெஷினே தோத்துப்போகும் போலிருக்கே!" என்றார். சின்னுவின் முகம் மலர்ந்தது. அண்ணியின் முகம் சுருங்கியது. போகும்போது அவர் சின்னுவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு சின்னுவுக்கு அடிக்கடி போன் வரத் தொடங்கியது. ஒலித்ததும் அவள் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவாள். திரும்பி வந்தால், "ராங் நம்பர் அண்ணி" என்பாள். ராங் நம்பரோடு யாராவது கால் மணி நேரம் கிசுகிசுப்பார்களா?

அவள் அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டால் தொழிலில் பாதி போய்விடும். கூடவே நடுக்க மேஜையின் சூட்சுமமும் போகும். அப்புறம் தனியாக இந்த அறையில் உட்கார்ந்து என்ன செய்வது? ராத்திரி கணவனிடம் மெல்லப் பேச்செடுத்தாள்.

"உங்க தங்கச்சி போக்கு சரியில்ல."

"நீ மீட்டரை வச்சு என் மனசையே அளக்கற ஆளு. அவளை விட்டுவைப்பியா?" என்று சிரித்துவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அண்ணி ஒரு காரியம் செய்தாள். சாப்பிடப் போகும்போது ஆம்ப்ளிஃபயரின் மின்சாரத்தை அணைப்பது அவள் வழக்கமில்லை. அணைத்தால் மறுபடி நிலைக்கு வரும்வரை அளவுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, சிக்னல் வரும் கேபிளை மட்டும் பிடுங்கிச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சிக்னல் இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் வெறும் இரும்புத் துண்டுதானே! பூட்டுப் போட்டதுபோல் நிம்மதியாகப் படியிறங்கினாள்.

திரும்பி வந்து தொட்டுப் பார்த்தபோதுதான் முதன்முதலாகச் சுட்டது.

கேபிள் தன் பையில். மாட்யூலோ கொதிக்கிறது. அப்படியென்றால், பாதகத்தி சொந்தமாக ஒரு கேபிளே கொண்டுவந்திருக்கிறாள்! கண்ணாடிக்காரருக்குச் சுற்றும் காயில்களை இங்கேயே, என் மேஜையிலேயே சோதித்து அனுப்புகிறாள். சின்னு தண்ணீர் குடிக்க எழுந்த சமயம் பார்த்து அண்ணி அவள் இழுப்பறையை ஒரு கண் பார்த்தாள். செப்புக் கம்பிச் சுருள்கள், கத்தரி, பழைய சின்ன ரேடியோ. கேபிளைக் காணோம். எவ்வளவு சாமர்த்தியம்!

மூன்று நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் நாலாம் நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

கீழே தையல்காரர் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே, "என்ன அண்ணி, இன்னிக்கு சீக்கிரமே? அடுப்புல எதையாவது மறந்துட்டு வந்தீங்களா?" என்றார். அவருக்கும் அவள் அண்ணிதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணி ஓசைப்படாமல் படியேறினாள்.

நினைத்தது நடந்தேவிட்டது. சின்னு அண்ணியின் மேஜைக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் ரேடியோ. இன்னொரு கை ஆம்ப்ளிஃபயரிலிருந்து காயிலுக்குப் போகும் தடித்த வயரைத் தூக்கிப் பிடித்திருந்தது.

"என்ன பண்றே அங்க?"

சின்னு தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். "ஐயோ, பயந்தே போயிட்டேன்! ஒண்ணுமில்ல அண்ணி, இந்த ரேடியோ..."

"தெனமும் என் மேஜையில வந்து ரேடியோவா கேக்கறே? எங்க உன் கேபிள்? எடு."

"எந்தக் கேபிள்?"

"நடிக்காதே சின்னு. கண்ணாடிக்காரருக்கு எத்தனை காயில் சோதிச்சுக் குடுத்தே இதுல?"

சின்னுவின் பார்வை மாட்யூலின் சிக்னல் முனைக்குப் போனது. அங்கே ஒன்றும் செருகியிருக்கவில்லை. பிறகு அண்ணியின் அக்குளில் இடுக்கியிருந்த கைப்பைக்கு வந்தது. பையின் வாயில் கறுப்புக் கேபிளின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை எடுத்துக்கிட்டா சாப்பிடப் போறீங்க?" குரல் இறங்கியிருந்தது. "தெனமுமா?"

"அது... வேற ஒரு வேலைக்கு..."

"என்னை நம்பாம கேபிளைப் பையில போட்டுக்கிட்டு, வீட்டுல போயி எங்க அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்துச் சோறு வடிச்சிருக்கீங்க."

"பேச்சை மாத்தாதே. போன்ல யாரு? அதைச் சொல்லு முதல்ல."

"சொல்ல மாட்டேன்" என்றாள் சின்னு. "இனிமே சொல்லவே மாட்டேன்."

ரேடியோவை மேஜையில் வைத்துவிட்டு அவள் விடுவிடுவென்று படியிறங்கிப் போனாள்.

அறையில் அண்ணியும் ரேடியோவும்தான் மிச்சம். அது கர்ரென்று காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. சனியன், என்று அணைப்பதற்காகக் கையில் எடுத்தாள். எடுத்ததும் இரைச்சல் குறைந்தது. கீழே வைத்தாள். கூடியது. மாட்யூலின் பக்கம் நகர்த்தினாள். அலறியது. ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். முனகலாகத் தேய்ந்தது.

அண்ணி திரும்பிவந்து ரேடியோவை மேஜையில் வைத்தாள்.

கைப்பையிலிருந்து கேபிளை எடுத்தாள். ஒரு முனையை ஜெனரேட்டரில் மாட்டி, மறுமுனையை மாட்யூலில் செருகினாள். இரைச்சல் கத்தரித்ததுபோல் நின்றது. ரேடியோவில் ஒரு பெண் சாவகாசமாக வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள். கேபிளைப் பிடுங்கினாள். கர்ர். செருகினாள். பிற்பகலில் மழைக்கு வாய்ப்பு உண்டு என்றாள் ரேடியோக்காரி.

சிக்னல் முனையை அநாதையாக விட்டால், தன் வயரிலிருந்து வரும் அதிர்வையே தான் வாங்கி, அதையே பெருக்கி, காதுக்கு எட்டாத வேகத்தில் தனக்குத்தானே துடித்துக்கொண்டு வெந்துபோகும் இந்த ஜாதி மாட்யூல். இந்த மாதிரி மாட்யூலைப் புதிதாக வாங்குகிற எத்தனை பேரிடம் அவளே போனில் சொல்லியிருக்கிறாள், முனையைச் சும்மா விடாதீங்க என்று! கேபிள் செருகியிருந்தவரை அது இளஞ்சூடாகத்தான் இருந்தது. தான் பிடுங்கி எடுத்துப்போன நாளிலிருந்துதான் சூடு. சின்னு பாவம், பாட்டுக் கேட்க முடியாமல் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அண்ணி புறங்கையைப் பட்டைகள்மேல் வைத்தாள். சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து தையல்காரரின் குரல் வந்தது. "ஏன் தங்கச்சி படியில உக்காந்திருக்கே? தூறல் போடுது பாரு, நனையாதே, மேல போ."

அப்படியென்றால் அவள் போகவில்லை. படியில்தான் இருக்கிறாள். இறங்கிப் போய் என்ன சொல்லிக் கூப்பிடுவது? தப்பு என்மேலதான் என்றா? வா, உன் ரேடியோ சரியாயிடுச்சு என்றா? அண்ணி ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

பாதி வழியில், காயில் சுற்றும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து விர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

சின்னு போனை விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது முகம் குப்புறக் கிடந்து அதிர்ந்தது. விட்டது. மறுபடி அதிர்ந்தது. யாராக இருக்கும்? அண்ணியின் கால்கள் வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றன. சூட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது, சரி. இந்தப் போனுக்கு? ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டால் போதும்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேலே ஏறி வருகிறதா, கீழே இறங்குகிறதா என்று மழையில் பிரித்தறிய முடியவில்லை. ஒரு கையில் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவோடு, மறுகையைப் பாதி நீட்டியபடி அவள் நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த நடுக்க மேஜையில் வைத்து உதறியதுபோல, போன் நடுங்கி நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.