பதினேழாவது வரி

வளைகுடாவில் உம் சதஃப் தீவு அந்த வியாழக்கிழமை காலை கிழக்கே பதினொரு கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. டீசல் கூடுதலாகச் செலவாகிறது என்று படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மற்றபடி யாரும் பதறவில்லை. அறுபத்தோரு பேர் வாழும் அந்தத் தீவை நூறு வருஷமாக மேற்கு வல்லரசு ஒன்று பாதுகாத்து வந்தது. அதைவிட நன்றாகப் பாதுகாப்பதாகச் சொல்லி, ஆறு வருஷமாகக் கிழக்கு வல்லரசு ஒன்று அங்கே துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தது. தீவுக்காரர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

நகர்ந்த காரணம் தெரிந்த ஒரே தமிழர் துறைமுக சைட்டின் ஃபோர்மேன் பாலகுரு, அரியலூர்க்காரர். கேம்பில் நாற்பது பேர். டைம் ஷீட்டில் ஆளாளுக்குக் கையெழுத்துப் போட நின்றால் வண்டி போய்விடும் என்று நாற்பதையும் அவரே போட்டுவிடுவார், சாய்த்தும் நிமிர்த்தியும் இடது கையாலும். முந்தின நாள் புதன்கிழமை துறைமுக அதிகாரி கொடுத்த தாள்கட்டில் ஒரு தாள் கூடுதலாக இருந்தது. கட்டங்கள் காலியாக இருந்ததால் கை தானாக ஓடியது. பதினேழாவது வரியில் மக்தூம் என்ற பெயர். தினமும் மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துப் போகும் தீவுக்காரர். கிழக்கின் பாதுகாப்புக்குத் தீவுக்காரர்கள் சம்மதிக்கும் தாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். ஆனால் மூன்று வருஷமாகக் கிடைக்காத லீவுத் தாளும் அதே அதிகாரியின் மேஜையில்தான் கிடந்தது. வரும் தேதியை மனைவி கனகாவிடம் சொல்லியாகிவிட்டது. மிச்சத்தையும் போட்டார். பாவி மனுஷன், அழகாகவே போட்டார்.

அதன்பின் தீவு தினம் ஒரு கிலோமீட்டர் போனது. கிணறுகள் உப்புக் கரித்தன. மக்தூமின் மீனைப் பாலகுரு மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டார். ஒன்பதாம் நாள் கரைக்கு அப்பால் நின்ற மேற்கின் காவல் கப்பலுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அங்கிருந்த அதிகாரி கோபப்படவில்லை. இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

"அண்ணே, அதே அறுபத்தொண்ணையும் இவங்களுக்கும் போட்டுக் குடுக்கணுமாம்," என்றான் மொழிபெயர்க்க வந்த கீழக்கரை நிஜாம்.

"முடியாதுப்பா. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

விஷயம் தெரிந்து துறைமுக அதிகாரி லீவுத் தாளை அன்றே கிழித்துப் போட்டார். பாலகுரு நேரே மக்தூமிடம் போய்ச் சொல்லி அழுதார். மக்தூம் தன் அரைகுறை இந்தியில், லீவு வேண்டுமென்று என்னிடம் சொல்லியிருந்தால் ராவோடு ராவாகப் படகில் கொண்டுபோய் விட்டிருப்பேனே என்றார்.

தீவுக்காரர்கள் யாருடைய பாதுகாப்பும் வேண்டாம் என்று ஒரு புதுத் தாளில் தாங்களே கையெழுத்துப் போட மூன்று நாள் ஆயிற்று. எழுதத் தெரியாத மக்தூம் தடுமாறியபோது பாலகுருவின் கை பழக்கத்தில் நீண்டது. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். மக்தூம் கட்டைவிரலைப் பதித்தார்.

தீவு திரும்பி வந்தது, ஒரு கிலோமீட்டர் மட்டும் குறைவாக. வரைபடக்காரர்கள் திருத்திக்கொண்டார்கள். மக்தூம் இப்போதும் மீனை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்; டீக்கு நிற்பதில்லை. பாலகுரு தினமும் இரண்டு டீ போடுகிறார். இரண்டாவது டம்ளர் சாயங்காலம் வரை சூடு ஆறுவதில்லை. கேம்பில் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதன்மேல் ஈ விழாமல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள்.