துணி சுற்றிய கல்

நியாப்போலிஸ் நகரத்துக் கிரேக்கப் பெண் நிகிப்பே கல்யாணமாகி ரோமுக்கு வந்தபோது, கணவன் செர்வியஸ் வண்டியிலேயே பாடம் நடத்தி முடித்துவிட்டான்.

"உங்க சாமி டிமீட்டர் இங்க செரெஸ். ஹீரா வந்து ஜூனோ. லீட்டோ லதோனா. ரியாவுக்கு ஓப்ஸ்னு பேரு. அம்மாக்கள் எல்லாம் அதே அம்மாக்கள்தான், வீடுதான் மாறியிருக்கு. நீ புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம்."

அதை அவள் அப்படியே நம்பினாள்.

முதல் குழந்தை பல் முளைக்கும் முன்பே போய்விட்டது. இப்போது வயிற்றில் இரண்டாவது. டிசம்பரில் ஓப்ஸ் திருநாள் வந்ததும், இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அவளுக்கு ரியாவைவிட நெருக்கமான தெய்வம் தோன்றவில்லை. பிறந்த பிள்ளைகளையெல்லாம் விழுங்கிய கணவனிடம், கடைசிப் பிள்ளைக்குப் பதிலாகத் துணி சுற்றிய கல்லை நீட்டி ஏமாற்றியவள் அல்லவா? நிகிப்பேயும் ஒரு கல்லைத் துணியில் சுற்றி, கொல்லையில் படையலுக்கு வைத்திருந்த கோதுமைக்கு நடுவே படுக்க வைத்தாள்.

மாமியார் நுமீசியாவின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. "என்னடி இது, கோதுமைக்குள்ள கைக்குழந்தை?"

நிகிப்பே கதையைச் சொன்னாள்.

"யாரு, ஓப்ஸ் புருஷனா? எங்க சாட்டர்னா? விதைக்கக் கத்துக் கொடுத்த மகராசன்டி அவரு. ரெண்டு நாளா அவரு திருநாள்னுதான் ஊரே விருந்து சாப்பிடுது. அவரு பிள்ளையைத் தின்னாராம். நீ இன்னைக்குப் படையலுக்கு வர வேண்டாம், உள்ள போ."

இன்று வேண்டிக்கொள்ளாவிட்டால் பிரசவத்துக்கு முன் இன்னொரு திருநாள் ஓப்ஸுக்குக் கிடையாது. நிகிப்பே நகரவில்லை.

"அவ்வளவு நல்லவர்னா, கோயில்ல அவர் சிலையோட காலை ஏன் அத்தை வருஷம் பூரா கம்பளிக் கயித்தால கட்டி வெச்சிருக்கீங்க? அவர் திருநாளுக்குத்தானே அவுத்து விடுறீங்க. சும்மா இருக்கற மனுஷனை யாராவது கட்டிப் போடுவாங்களா?"

மூலையில் தொத்திறைச்சியை மென்றுகொண்டிருந்த மாமனார் டெசிமுஸ், "நியாயமான கேள்விதான்" என்றார்.

"நீங்க பேசாதீங்க. கல்லைச் சுத்திக் கொடுத்தாலும் இன்னொண்ணு இருக்கான்னு கேக்கற ஆளு."

சொல்லிக்கொண்டே நுமீசியா கல்லை வெளியே எடுத்தாள். துணியின் ஓரத்தில் சிவப்புக் கரை. போன வருடம் பேரனுக்காக அவளே நெய்தது. விரலால் அந்தக் கரையைக் கொஞ்ச நேரம் தடவினாள்.

"அந்தக் கடைசிப் பிள்ளை... பிழைச்சுதா?"

"பிழைச்சான் அத்தை. எங்க ஊர்ல அவனுக்கு ஜீயஸ்னு பேரு. இங்க ஜூபிடர்."

"அட, நம்ம ஜூபிடரா?"

நுமீசியா கல்லை மறுபடி கோதுமைக்கு நடுவே வைத்து, கலைந்திருந்த துணியை இழுத்துப் போர்த்தினாள். பிறகு வெறும் தரையில் உட்கார்ந்து, மருமகளின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"மெதுவா உட்காரு. ரெண்டு உள்ளங்கையும் மண்ணுல படணும். ஓப்ஸ் இருக்கறது மண்ணுக்குள்ள, நின்னுக்கிட்டுக் கேட்டா அவளுக்கு எட்டாது. இது உன் புருஷன் சொல்லலையா?"

"புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம்னார் அத்தை."

"அவன் கிடக்கான். கண்ணை மூடிக் கேளு. நானும் கேக்கறேன்."