வெந்நீரில் கழுவிய ஸ்பாஞ்ச்

என் மகள் வீட்டைவிட்டுப் போகும்போது என்னிடம் விட்டுப்போனவை ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் இருந்த ஆக்சலாட்டலும்தான். ஒரு சாண் நீளம், வெளிறிய ரோஸ் நிறம், நாலு கால், தலைக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள். மீனிலும் சேராமல் பல்லியிலும் சேராமல் தண்ணீருக்குள்ளேயே காலம் தள்ளும் பிராணி. வாய் எப்போதும் சிரித்த மாதிரியே இருக்கும் என்பதால் நான் வைத்த பெயர் இளிச்சவாயன்.

"தனி வீடு பாத்ததும் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பழகிய பையனுக்கு அவளுக்குத் தெரியாமல் போன் போட்டு, விலகிப் போ என்று சொன்னவள் நான். அவனும் போய்விட்டான், அது தெரிந்ததும் இவளும் கிளம்பிவிட்டாள். அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவாள். "தொட்டிப் பக்கம் திருப்பும்மா" என்பாள். திருப்புவேன். அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

எனக்கு ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் வேலை. கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்து, ஆவியில் அவித்து, உறையிலிட்டு அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நான் அனுப்பிய ஒரு கருவித் தட்டுகூட அழுக்கு என்று திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட கைக்கு அழுக்கு பொறுக்குமா? போன மாதம் தொட்டி ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஸ்பாஞ்ச் பழுப்பேறிக் கொழகொழவென்று கிடந்தது. ஃபில்டரைத் தொடாதே என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று, கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். வாரம் தவறாமல் செய்தேன்.

இளிச்சவாயன் சாப்பிடுவதை நிறுத்தினான். புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வால் நுனி சுருண்டது. பக்கத்துத் தெருவில் நாய், பூனைக்குப் பார்க்கும் டாக்டர், "எந்தப் பக்கம் ஊசி போடறதுன்னே எனக்குத் தெரியாதும்மா" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். அழுக்குதான் காரணம் என்று மறுபடியும் கழுவினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். "செவுளெல்லாம் முன்னாடி வளைஞ்சிருக்கு. பஞ்சு மாதிரி பூஞ்சை வேற பிடிச்சிருக்கு. ஸ்பாஞ்சை என்ன பண்ணுன?"

சொன்னேன்.

"அந்த அழுக்குலதாம்மா நல்ல கிருமிங்க இருந்துது. அதுங்கதான் அவன் கழிவு விஷமாகாம பாத்துக்கும். எல்லாத்தையும் அவிச்சுட்ட."

நல்ல கிருமியாம். எங்கள் அறையில் அந்த வார்த்தைக்கு இடமே கிடையாது.

வைத்தியமும் அவளே சொன்னாள். தனி டப்பாவில் விட்டு, குளோரின் போக்கிய குளிர்ந்த தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்ற வேண்டும். பூஞ்சைக்குக் காலையும் மாலையும் பத்து நிமிஷம் உப்புத் தண்ணீரில் விட வேண்டும். லீவு போட்டுவிட்டு, அவள் சொன்னதில் ஒரு சொட்டுக் கூட்டாமல் குறைக்காமல் செய்தேன். தினமும் மத்தியானம் கூப்பிட்டாள். மூன்றாம் நாள், "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

செவுள் இழைகள் உதிர்ந்து வெறும் குச்சிகளாக நின்றன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவன் சாகவும் வேண்டாம், சீக்கிரம் பிழைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட பாவி நான்.

ஒன்பதாம் நாள் காலையில் மல்லாந்து கிடந்தான். அப்போதும் அதே இளிப்பு.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன். "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். எதற்கென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பரவால்லம்மா. உன்னால முடிஞ்சத செஞ்ச" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொட்டிய யாருக்காச்சும் குடுத்துடு" என்றாள்.

"அப்ப நீ எப்ப வர்ற?"

"எதுக்கும்மா?"

கோபத்தில் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.